ஈரத்தோடு கட்டாதே

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டது என்றாய். ஸ்வெட்டரும் குல்லாவும் பார்சலில் வருகின்றன. மழையில் நனைந்த தடயங்களை எப்படிக் காப்பது என்று அன்று நீ கேட்டதற்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. தடயவியல் ஆய்வகத்தில் போலீஸ் ஸ்டேஷன் பார்சல்களைப் பிரித்துப் பார்த்தவள் என்பதால் மீதியை எழுதுகிறேன். போலீஸ் பயிற்சியில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் சரிதான். ஆனால் அது சமவெளியை மனதில் வைத்துச் சொன்னது. மலையில் தடயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்.

ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் பிரிவு 176(3) சொல்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் உண்டு. வழியில் மரம் விழுந்து கிடந்தால் அவர்கள் வர மணிக்கணக்காகும். அதுவரை இடத்தைக் காக்க வேண்டியவள் நீ. தார்ப்பாயைத் தரைமேல் விரிக்காதே, கறை அதில் ஒட்டிக்கொள்ளும். நாலு பக்கமும் கயிறு கட்டி உயரத்தில் இழுத்துக் கட்டு. சரிவின் மேல்பக்கம், இடத்துக்கு வெளியே, மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் மழைத்தண்ணீர் ஒதுங்கிப் போகும். மேடான இடத்திலிருந்து பொருள்கள் உருண்டிருக்கும், அதனால் கீழே பல அடி தூரம் தேயிலைச் செடியின் அடியிலெல்லாம் தேடு. அளக்கும்போது மின்கம்ப எண், மைல்கல் போல நகராத ஒன்றிலிருந்து அளந்து எழுது. பனிமூட்டத்தில் ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளையாகத்தான் வரும். ஃபிளாஷை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்.

இப்போது ரத்தக்கறைத் துணி. நனைந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் பூஞ்சை பூத்துவிடும், கிருமிகள் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். அதன்பின் எந்த ஆய்வகமும் உனக்கு உதவ முடியாது. பூட்டக்கூடிய அறையில் கொடி கட்டித் தொங்கவிடு, கீழே சுத்தமான பிரவுன் பேப்பர் விரி. துணியிலிருந்து முடி, மண், நூல் உதிர்ந்தால் அதில்தான் விழும். அந்தப் பேப்பரையும் மடித்துத் தனிக் கவரில் அனுப்பு. ஃபேன் மெதுவாக ஓடட்டும், நேராகத் துணிமேல் வேண்டாம். குளிருக்கு வைத்த ஹீட்டர், கரி அடுப்பு, வெயில் மூன்றும் கூடாது. ஆடி மழையில் காய இரண்டு நாள் ஆனாலும் பதறாதே. ஆனால் அந்த இரண்டு நாளும் சாவி யாரிடம் இருந்தது என்பது கேஸ் டைரியில் இருக்க வேண்டும். இறந்தவர் துணியும் குற்றம் சாட்டப்பட்டவர் துணியும் ஒரே அறையில் தொங்கக் கூடாது. காய்ந்ததும் மடிப்புக்கு மடிப்பு பேப்பர் வைத்து மடி, கறை மறுபக்கம் ஒட்டாது. பிறகு பேப்பர் கவர்.

ஒரே விலக்கு தீவைப்பு வழக்கு. மண்ணெண்ணெய், பெட்ரோல் சந்தேகம் உள்ள துணியைக் காயவைத்தால் தேடும் பொருளே ஆவியாகிவிடும். அதைக் காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலிலோ தகர டப்பாவிலோ உடனே மூடு.

ரத்தம் படிந்த மண்ணோடு படியாத மண்ணையும் எடுக்கச் சொல்வதை வெறும் சடங்காக நினைக்காதே. தோட்ட மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும்; மண்ணின் இயல்பு எது, மேலே விழுந்தது எது என்று பிரிக்க அந்த மாதிரி மண் வேண்டும். இரண்டும் தனித்தனிப் பொட்டலம், காய்ந்த பின்.

கவாத்துக் கத்தியைக் கழுவிவிட்டார்கள் என்று கைவிடாதே. பிடியும் இரும்பும் சேரும் இடுக்கில் ரத்தம் இறங்கியிருக்கும். பிடியைக் கழற்றாதே, துடைக்காதே. அட்டைப்பெட்டியில் அசையாமல் நூலால் கட்டு. துருப்பிடிக்க அங்கே ஒரு நாளே போதும், தாமதிக்காமல் அனுப்பு. பனித்துளி படிந்த கண்ணாடி, தகரத்தில் கைரேகைப் பவுடர் போட்டால் சேறாகி ரேகை அழிந்துவிடும், தானாகக் காயட்டும்.

சடலம் கிடந்தால் இறந்த நேரத்தை நீ ஊகித்து எழுதாதே. குளிரில் உடல் சீக்கிரம் சில்லிட்டுவிடும், விறைப்போ தாமதமாக வந்து நெடுநேரம் நிற்கும். காற்றின் வெப்பநிலை, துணி நனைந்திருந்ததா, நிழலா என்று குறித்து வை. மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

காகிதத்தில்தான் நிறைய வழக்குகள் தோற்கின்றன, கண்ணு. இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், பொருளை எடுத்ததற்கு எழுதும் கைப்பற்றிய மகஜர், பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95 மூன்றிலும் நேரமும் பொருளின் விவரமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. பிஎன்எஸ்எஸ் 105-இன்படி எடுக்கும் வீடியோவில் பொருளை எடுப்பது மட்டும் இருந்தால் போதாது. பட்டியல் எழுதுவதும் சாட்சி கையெழுத்திடுவதும் இருக்க வேண்டும். அதையும் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அரக்கு முத்திரையின் மாதிரியை கடிதத்தோடு தனியாக வை, அதை ஒப்பிட்ட பிறகுதான் பார்சலைப் பிரிப்பார்கள். எஸ்டேட்டில் மகஜர் சாட்சிக்குக் கங்காணியையும் கிளார்க்கையும் மட்டும் நிறுத்தாதே. முதலாளியின் சம்பளத்தில் இருப்பவர்கள் கோர்ட்டில் பிறழ இடமுண்டு. வி.ஏ.ஓ.வை வரவழை.

குற்றவாளி காட்டி எடுத்த பொருள் என்றால் வரிசை முக்கியம். முதலில் சாட்சிகள் முன் வாக்குமூலம், பிறகுதான் புறப்பாடு. பொருள் இருக்கும் இடம் உனக்கு முன்பே தெரிந்திருந்தால் அது புதிதாகக் கண்டுபிடித்ததாகாது. காவலில் இருப்பவர் சொல்லிக் கண்டெடுத்ததை ஏற்கும் சாட்சியச் சட்டம் 2023-இன் பிரிவு 23 உனக்குக் கைகொடுக்காது.

ரிசார்ட்டுகளின் சிசிடிவி பழையதன் மேலேயே பதிந்துகொண்டு போகும், அதனால் முதல் நாளே போய்விடு. பதிவுப் பெட்டியான டிவிஆர் காட்டும் நேரத்தையும் உன் போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, வித்தியாசத்தை எழுது. நகல் எடுத்ததும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணான ஹாஷ் மதிப்பும், அதே சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழின் இரண்டு பகுதிகளும் வேண்டும். டவர் விவரத்தை மட்டும் நம்பி ஒருவரை ஓர் ஊரில் இருந்தார் என்று சொல்லாதே. மலைச்சரிவில் நிற்பவரின் போன், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து டவரையோ கீழே மேட்டுப்பாளையம் பக்கத்து டவரையோ பிடிக்கலாம்.

ஜீப்பில் நிரந்தரமாக ஒரு பெட்டி இருக்கட்டும்: பிரவுன் பேப்பர், மூன்று அளவில் கவர், கையுறை, அரக்கு, அளவு நாடா, கயிறு, மூடியுள்ள தகர டப்பா இரண்டு. எது இல்லையோ அதை எழுது. கவர்களை நான் வாங்கி அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா