முதல் ஐம்பது செட்டை என் ஸ்டோரில் போட்டு வையுங்கள்

கையடக்க விளையாட்டுக் கருவி வெளியிடக் கிளம்பியிருக்கும் மலேசியா, சுங்கை சிப்புட் ஊர்ப் பிள்ளைகள் நால்வருக்கு,

வணக்கம். சந்தைக்குப் பின்னால் கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாமாதான் எழுதுகிறேன். கூப்பிட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு தே தாரேக் வாங்கிக் கொடுத்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில், "விலை 690 வெள்ளி, முன்பதிவுக்கு 200, தீபாவளிக்குள் கைக்கு வந்துவிடும்" என்று மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டீர்கள். எல்லார் முன்னாலும் சொன்னதற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்கட்டும்.

செட் நன்றாக இருக்கிறது. முகத் தாட்சண்யத்துக்காகச் சொல்லவில்லை. கையில் எடுத்தால் உள்ளங்கைக்குள் தானாக உட்காருகிறது. பல்லாங்குழி ஆட்டத்தில் குழிக்குள் காய் விழும் அந்த 'டொக்' சத்தத்தைக் கேட்டதும், தோட்டத்து லயத்து வாசலில் என் அம்மா புளியங்கொட்டை வைத்து ஆடியது ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தது யாரோ, அவருக்குத் தனியாக ஒரு சபாஷ்.

அன்று ராத்திரி ஒரு செட்டைக் கடைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன் அல்லவா? பின்மூடியைத் திறந்து, பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். செட் அணைந்து கிடக்கிறது. திரை கறுப்பு, ஒரு விளக்கும் இல்லை. மீட்டர் மட்டும் 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடுவதாகக் காட்டுகிறது. உள்ளே ஏதோ இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அதே 2.

இரண்டு மில்லி ஆம்பியர் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேட்டரி 3000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஒரு மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 3000 மணி நேரம் வரும். விமானத்தில் சரக்காகத் தனியே ஏற்றும் லித்தியம் அயன் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது விதி. கருவிக்குள் பொருத்தி அனுப்புவதையும் அந்த அளவை ஒட்டியே வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெட்டிக்குள் போகும்போது இருப்பது 900. இரண்டால் வகுத்தால் 450 மணி நேரம். பத்தொன்பது நாள்கூடத் தாங்காது. அப்புறம் பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பை வெட்டிவிடும் என்பீர்கள். வெட்டட்டும். வெட்டிய பிறகும் பேட்டரி தன் பாட்டுக்கு மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும், வெக்கையில் இன்னும் வேகமாக. இரண்டரை வோல்ட்டுக்கும் வெகு கீழே போய்ப் பல நாள் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதன் பிறகு சார்ஜரைச் செருகினால் எழுந்திருக்காது. எழுந்தாலும் அந்தப் பேட்டரியை நம்பிப் பிள்ளை கையில் கொடுக்க மாட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் ஆசையாகப் பெட்டியைப் பிரிக்கிற பையனுக்குக் கிடைப்பது கல்.

இது மாமா பயமுறுத்துவதற்காகக் கட்டிய கதை இல்லை. நடந்திருக்கிறது, அதுவும் மலேசியாவைத் தொட்டே நடந்திருக்கிறது. பேனிக் என்ற அமெரிக்க நிறுவனம் பிளேடேட் என்று ஒரு சின்ன மஞ்சள் கருவி செய்தது, பக்கவாட்டில் கைப்பிடி வைத்துச் சுழற்றி விளையாடுவது. 2019-ல் அறிவித்தார்கள். 2021 ஜூலையில் முன்பதிவைத் திறந்தபோது முதல் 20,000 செட் இருபது நிமிடத்துக்குள் போய்விட்டது. அந்த ஆண்டுக் கடைசியில், முடித்த முதல் 5,000 செட் அமெரிக்கக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்துச் சோதித்தால், சிலவற்றில் பேட்டரி சார்ஜ்கூட ஏற முடியாத அளவுக்கு வடிந்து கிடக்கிறது. ஐயாயிரத்தையும் மலேசியாவில் இருந்த தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பி, வேறொரு நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டார்கள். அதே நேரத்தில் இன்னொரு இடி: போர்டில் இருந்த முக்கியச் சிப் இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. கிடைக்கிற சிப்புக்கு ஏற்றபடி போர்டையே மாற்றி வரைய வேண்டியதாயிற்று. கடைசியில் 2022 ஏப்ரலில்தான் செட்டுகள் ஆட்கள் கைக்குப் போக ஆரம்பித்தன.

அவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் மென்பொருள் விற்ற நிறுவனம். தாங்கிக்கொள்ளக் கையில் காசு இருந்தது. அதைவிட முக்கியம், வாங்கியவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

நானும் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் சோதனை லைனில் நின்றவன். பெயர் வேண்டாம். ஒரு தடவை பட்டனுக்கு அடியில் வைக்கும் ரப்பரை மலிவாக வேறு இடத்தில் வாங்கினார்கள். லைனில் எல்லாம் பாஸ். ஏர்கோன் அறையில் சோதித்தால் பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? மூன்று மாதம் கழித்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகத் திரும்பி வந்தது. கிடங்கு வெக்கையில் ரப்பர் பிசுபிசுத்து, அழுத்திய பட்டன் எழும்பவில்லை. அதைச் சுரண்டிச் சுரண்டி எனக்கு விரல் நகமே போனது. செட் வேலை செய்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் இருக்காது.

எழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் திரையில் 'தொடங்கு' என்று வர வேண்டிய இடத்தில் 'த' தனியாக நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தை வைத்துக்கொண்டு அநாதையாக நிற்கின்றன. யுனிகோடில் அந்த ஒகரக் குறி 'த'வுக்குப் பின்னால்தான் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது மென்பொருளின் வேலை. விளையாட்டு செய்யும் மென்பொருள்களில் சில அதைத் தாமாகச் செய்வதில்லை. இதை எழுதிய தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும், நேரம் கிடைத்திருக்காது. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு முதல் சொல்லையே உடைத்துக் காட்டினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

வைஃபை, புளூடூத் இருப்பதால் சிரிம் அமைப்பின் தரச் சான்று இல்லாமல் விற்க முடியாது. அதற்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கட்டைவிரலால் தள்ளி ஆடும் ஸ்டிக்கும் அப்படித்தான், யோசிக்கவில்லை. நீங்கள் போட்டிருப்பது கரிப் படலத்தின் மேல் தேய்ந்து ஓடும் வகை. என் மேசைக்கு வரும் கன்ட்ரோலர்களில் பாதிக்கு அதே வியாதிதான்: கையை எடுத்த பிறகும் பொம்மை தானாக ஒரு பக்கமாக நடக்கும். காந்தம் வைத்த வகை கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் தேய்வதற்கு அதில் கரி இல்லை. முறுக்கு தின்ற கையோடு விளையாடப் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அதை வாங்குங்கள்.

சரி, விலைக்கு வருவோம். 690 வெள்ளிக்கு எதிரே இணையச் சந்தையில் இருநூறு சொச்சத்துக்குச் சீனக் கருவி கிடைக்கிறது. வீட்டுக்கு இரண்டு கைப்பேசி ஏற்கெனவே இருக்கிறது. ஓடும் வேகத்தைக் காட்டி அவற்றை நீங்கள் ஜெயிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. 1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டபோது அதன் திரையில் வண்ணம் கிடையாது, பின்னால் விளக்கும் கிடையாது, பாசிப் பச்சையில் நான்கு சாயல் மட்டும். அடுத்த ஆண்டு அதற்குப் போட்டியாகச் சேகா நிறுவனத்தின் கேம் கியர் வண்ணத் திரையோடு வந்தது. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். கேம் பாய் நான்கு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் ஓடியது. ஜெயித்தது எது என்று உங்களுக்குத் தெரியும். கேம் பாயைச் செய்த குன்பெய் யோகோய், புதிதாக வந்த பாகங்களின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி விலை குறைந்த பாகங்களைப் புது விதமாகப் பயன்படுத்து என்று சொன்னவர். உங்கள் செட்டில் ஸ்டிக்கைச் சுற்றி வானவில் மாதிரி ஓடுகிறதே ஒரு விளக்கு, அதைக் கழற்றி எறிந்தால் விலையும் இறங்கும், பேட்டரியும் நிற்கும். பல்லாங்குழிக்கு எதற்கு டிஸ்கோ?

விலையைத் தப்பாக வைத்துவிட்டால் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னீர்கள். 2011-ல் நின்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவி அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. எதிர்பார்த்தபடி போகவில்லை. ஐந்தே மாதத்தில் 170 டாலராகக் குறைத்தார்கள். முதலில் வாங்கியவர்களுக்குக் கோபம் வராமல் இருக்க இருபது பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் சத்தோரு இவாத்தா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். நீங்கள் எந்தச் சம்பளத்தை வெட்டப் போகிறீர்கள், தம்பி?

என்னைத் தூங்கவிடாதது அந்த 200 வெள்ளிதான். மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர். கூட்டுப் பணச் சீட்டில் அடுத்த மாதம் தன் முறை, எடுத்து எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதும் மகனுக்குக் கட்டிவிடுவேன் என்றார். இந்த ஊரில் தோட்டத்து ஆட்கள் நம்பிக் காசு கொடுத்த கதை பழையது. நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அவர்கள் காசுக்குத் தோட்டமே வாங்கிக் காட்டினார்கள். உங்களிடம் இப்போது காட்ட இருப்பது நான்கு மாதிரி செட், அதில் ஒன்றின் பின்மூடியை நான் இன்னும் சரியாக மூடவில்லை. பண்டோரா என்று ஒரு கையடக்க விளையாட்டுக் கருவிக்கு 2008-ல் முன்பணம் வாங்கினார்கள். முதல் செட் வெளியே வந்தது 2010-ல். அதற்குப் பணம் கட்டியவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள். உங்களுக்குக் கட்டப் போகிறவர்களை நீங்கள் தினமும் சந்தையில் பார்க்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். முன்பதிவை நிறுத்துங்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். தீபாவளி என்று சொன்னதை வாபஸ் வாங்குங்கள், ஒரு நாள் வெட்கம்தான். அந்த 2 மில்லி ஆம்பியர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். என் சந்தேகம் ஆடியோ சிப் மேல். பெட்டிக்குள் போகும்போது பேட்டரியைப் போர்டிலிருந்து முழுதாக வெட்டிவிட்டு, முதல் தடவை சார்ஜரைச் செருகும்போது மட்டும் இணைக்கிற மாதிரி செய்ய வழி இருக்கிறது, சின்ன வேலைதான். அப்புறம் ஐம்பதே ஐம்பது செட் செய்யுங்கள். இருபதைப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் கொடுங்கள், உடைக்கட்டும். முப்பதைச் சீல் வைத்து என் கடை ஸ்டோரில் மூன்று மாதம் போட்டு வையுங்கள். இரண்டு செட்டுக்கு முழு விலையும் நானே இப்போதே தருகிறேன். அது முன்பதிவு இல்லை, அந்த இரண்டையும் உடைத்துப் பார்ப்பதற்கு.

செவ்வாய்க்கிழமை கடை அடைப்பு. சாவி பக்கத்து முடிதிருத்தும் கடையில் இருக்கும், மாமா சொன்னார் என்றால் கொடுப்பார்கள். பெட்டிகளைக் கீழே அடுக்க வேண்டாம். ஏணி போட்டுத் தகரக் கூரைக்கு ஒட்டின மேல் தட்டில் வையுங்கள், மத்தியானத்தில் அங்கேதான் கை வைக்க முடியாத சூடு.

அன்புடன்,
ரிப்பேர் கடை மாமா