அந்த 118-110 பற்றி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மிடில்வெயிட் (160 பவுண்டு எடைப் பிரிவு) குத்துச்சண்டை பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஹாக்லருக்கும் கோலோவ்கினுக்கும் உரிய இடம் கொடுத்திருந்தீர்கள். ஆனால் இருவரின் மிகப் பெரிய சண்டைகளையும் 'சர்ச்சைக்குரிய முடிவு' என்று சொல்லிக் கடந்துவிட்டீர்களே, அதுதான் மனதை உறுத்துகிறது.

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லெனார்டும் மோதினார்கள். வளையத்துக்கு வெளியே அமர்ந்து மதிப்பெண் போடும் நடுவர்கள் மூன்று பேர்; ஒரு சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்குப் பொதுவாக 9 என்று போட்டுக் கடைசியில் கூட்டுவார்கள். ஒரு நடுவர் 115-113 என்று ஹாக்லருக்குக் கொடுத்தார். இன்னொருவர் அதே 115-113ஐ லெனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் போட்டது லெனார்டுக்கு 118-110. அதாவது பன்னிரண்டு சுற்றில் ஹாக்லர் ஜெயித்தது வெறும் இரண்டு!

முப்பது ஆண்டுகள் கழித்து, 2017 செப்டம்பர் 16 அன்று, அதே ஊரில் கோலோவ்கினும் கனேலோ அல்வாரெஸும் மோதினார்கள். ஒரு நடுவர் கோலோவ்கினுக்கு 115-113, இன்னொருவர் 114-114 சமம், மூன்றாமவர் கனேலோவுக்கு 118-110. சண்டை டிரா என்று அறிவித்தார்கள். 115-113 என்று எழுதிய டேவ் மொரெட்டி 1987 சண்டைக்கும் நடுவராக இருந்தவர். அன்றும் அவர் போட்டது 115-113தான், லெனார்டுக்கு.

லெனார்ட் ஜெயித்தார் என்பதை ஏற்க எனக்குத் தயக்கமில்லை. தொடக்கச் சுற்றுகளில் ஹாக்லர் தன் வழக்கமான இடக்கை நிலையை விட்டுவிட்டு வலக்கைக்காரரைப் போல நின்று ஆடினார்; அந்தச் சுற்றுகள் கையை விட்டுப் போயின. லெனார்டோ ஒவ்வொரு சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் சரமாரியாகக் குத்தி நடுவர்களின் கண்ணைக் கவர்ந்தார். சரி, அது அவருடைய சாமர்த்தியம். ஆனால் நடுச் சுற்றுகளில் ஹாக்லர் அவரைக் கயிற்றோரம் தள்ளிப் போட்ட குத்துகள் எங்கே போயின? அதற்குப் பிறகு ஹாக்லர் வளையத்துக்குள் ஏறவே இல்லை.

160 பவுண்டு வீரர்களிடம் ஹெவிவெயிட்டின் பலமும் உண்டு, சின்ன எடைக்காரர்களின் வேகமும் உண்டு. அப்படிப்பட்ட சமபலசாலிகள் மோதும்போது பெரும்பாலும் யாரும் விழாமல் கடைசி மணி அடித்துவிடும். முடிவு மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாள்களின் கைக்குப் போகிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஒருவரின் தாள் மற்ற இருவரின் தாள்களிலிருந்து இவ்வளவு விலகினால், எந்தச் சுற்றை எதற்காகக் கொடுத்தேன் என்று அவர் எழுத்தில் விளக்க வேண்டும். அந்த விளக்கம் வெளியாகும்வரை அடுத்த பட்டச் சண்டையில் அவருக்கு நாற்காலி போடக்கூடாது. சண்டை நடக்கும்போதே மதிப்பெண்ணை அறிவிக்கலாம் என்கிறார்கள் சிலர். முன்னிலையில் இருப்பவர் கடைசிச் சுற்றுகளில் ஒதுங்கி ஓடத் தொடங்கிவிடுவார் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டச் சண்டை முடிவு வெளியிடும்போது மூன்று நடுவர்களின் பெயரையும், சுற்றுவாரியாக அவர்கள் போட்ட மதிப்பெண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்