குலசையிலிருந்து ஒரு நூல்

அன்புள்ள எய்யா,

"இத்தனை நீளக் கடற்கரை இருக்க, ராக்கெட் விட நம்ம குலசேகரன்பட்டினத்துப் பனைவிளைதானா கிடைச்சுது? நீ ஏம்மா கையெழுத்துப் போட்ட?" என்று போனில் கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முந்தின ராத்திரி, பரணில் கிடந்த உன் பழைய பூமி உருண்டையை இறக்கித் துடைத்தேன். தையல் நூலை, இப்போது ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவில் வைத்து நேர் தெற்கே இழுத்தேன். இலங்கை மேல் போய் உட்கார்ந்தது. எரிந்து தீர்ந்த அடுக்குகள் கழன்று விழும் என்பதால் ஜனங்கள் இருக்கிற நிலத்துக்கு மேலே ராக்கெட்டை விட மாட்டார்கள். அதனால் வட, தென் துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோளைக் கொண்டுபோகிற ராக்கெட் அங்கிருந்து முதலில் தென்கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வண்டியை வளைக்கிற மாதிரி இல்லை அது. ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட வேகத்தை எரிபொருளை எரித்துத்தான் மாற்ற வேண்டும். அந்த அளவுக்குச் செயற்கைக்கோளின் எடையைக் குறைக்க வேண்டும். பிஎஸ்எல்வி பெரிய ராக்கெட், தாங்கிக்கொள்கிறது. இங்கே விடப்போகிற எஸ்எஸ்எல்வி சுமார் 120 டன்தான். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிற சின்ன ராக்கெட். வளைந்து போனால் அதன் சுமையில் நிறையப் போய்விடும்.

நூலைக் குலசைக்கு மாற்றி இழுத்தேன். அண்டார்டிகா வரை நீலம்தான்.

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால்தான் இந்த இடம் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். கிழக்கே போகிற ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சி கை கொடுக்கும், அது உண்மை. துருவப் பாதைக்கு அந்த உதவி இல்லை. 1963-இல் முதல் ராக்கெட் விட்ட கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தது காந்த நடுக்கோட்டை, அதாவது பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோட்டை வைத்து. அது இன்னொரு கணக்கு. குலசைக்கு முக்கியமான காரணம் தெற்கே திறந்து கிடக்கிற கடல்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் உருண்டையைச் சுற்றிக் காட்டினவள் நான். இது தெரிந்தபிறகு, "வேறு எங்கேயாவது போங்கள்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வலிக்கவில்லை என்று நினைக்காதே. 62 பனை, எய்யா. உன் தாத்தா விடியுமுன் ஏறிய மரங்கள். அந்தக் கருப்பட்டி விற்ற காசில்தான் நீ காலேஜில் சேர்ந்தாய். கடைசியாகப் போனபோது ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ஒரு சின்ன ரோகிணி ராக்கெட்டையும் விட்டார்கள். தேரி மேட்டில் நின்று பார்த்தேன். வெள்ளைக் கீற்று ஒன்று ஏறி, கண்ணுக்கு எட்டாமல் போனது. பக்கத்தில் நின்ற பனையேறி அண்ணாச்சி, "எங்க போகுது டீச்சர்?" என்று கேட்டார். கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது.

விளையில் பொறுக்கிய பனங்கொட்டைகளைக் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வந்தால் கிழங்குக்காகத் தோண்டிவிடாதே. அவை வடலியாக, இளம்பனையாக வளர வேண்டும்.

அன்புடன்,
அம்மா