எட்டு ஆறான கதை

2.11.2025
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாவுக்கு,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசி பாதி கழிந்த பிறகு பதில் எழுதுகிறேன். நீ அனுப்பிய பணம் கைக்கு வந்ததா என்றுகூட ஒரு வரி தெரிவிக்காமல் இருந்துவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். நம் பள்ளிக்கூடத்துப் பெருமாள் வாத்தியாரின் குடையை நினைத்தாவது என்னை மன்னித்துவிடு. அந்தப் பணத்தில் தம்பி சங்கருக்குக் காற்று மெத்தை வாங்கினோம். அது வந்த நாளிலிருந்து அவன் உடம்பில் புதிதாக ஒரு புண்கூட வரவில்லை. இதற்கு மேல் உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் நலம்தானே? மாப்பிள்ளைக்குக் கோவையிலேயே மாற்றல் கிடைத்துவிட்டதாக உன் தங்கை சொன்னாள். மிகவும் மகிழ்ச்சி. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குச் சத்துணவுக் கூடம், மழை பரவாயில்லை, கண்மாய் பாதி நிறைந்திருக்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை சங்கரின் வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை, முதல் மாதம். அவன் மனைவி வள்ளி கைபேசியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்துவிட்டாள். நான் முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு அப்படியே அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

போன வருடம் ஆடிக் காற்றில் அவன் தென்னையிலிருந்து விழுந்ததை நீ அறிவாய். அந்த நாளைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை என்று ஆனதும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போடலாம் என்று போனோம். ஆறு மாதம் ஆகட்டும், உடம்பு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று போட முடியும் என்றார் மருத்துவர். அது நியாயம், நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம் ஆய்க்குடி அமர் சேவா சங்க மறுவாழ்வு நிலையத்தில் இருந்தான். 1981-ல் அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனே 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த வரலாற்றைக் கேட்ட அன்றைக்குத்தான், விழுந்த பிறகு முதன்முதலாகச் சங்கர் வயிறாரச் சாப்பிட்டான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் ஊன்றி, கால் மணிக்கு ஒரு முறை உடம்பைத் தூக்கிக்கொள்ள அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அப்படித் தூக்காவிட்டால் ஒரே இடத்தில் எடை அழுத்தி, தோல் செத்துப் புண்ணாகிவிடும். வலிக்காது, அதுதான் ஆபத்து. வள்ளி இராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து அவனைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். இன்று வரைக்கும் அவள் ஒரு நாள் முழுத் தூக்கம் தூங்கவில்லை.

தை மாதம் விண்ணப்பித்தோம். முதல் தடங்கல் ஆதாரில். அவன் ஆதாரில் இருந்தது பழைய கைபேசி எண். விண்ணப்பத்துக்கு வேண்டிய கடவுச்சொல் (ஓடிபி) அந்த எண்ணுக்குத்தான் போகும். எண்ணை மாற்றப் போனால் கைரேகை வைக்கச் சொன்னார்கள். இருபது வருடம் தென்னை ஏறிய கை, மீனா. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தான், துணியால் துடைத்து வைத்தான், தேங்காய் எண்ணெய் தடவி வைத்தான். இயந்திரம் ஒன்றையும் ஏற்கவில்லை. விரல் நுனி அத்தனையும் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கடைசியில் கருவிழியைப் படம் பிடித்து ஒருவழியாக முடித்தார்கள். அதற்கே மூன்று நாள், மூன்று முறை வேன் வாடகை. ரேஷன் கார்டில் அவன் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால். அதற்கு ஒரு நாள் தனியாக அலைந்தேன்.

பிறகு மருத்துவ முகாம். எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள், எலும்பு மருத்துவர் வந்தபோது மணி ஒன்று. கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிவந்த தாய்மார்கள் என்று வராந்தா முழுக்க ஜனம். சக்கர நாற்காலி உள்ளே போகாது என்று சங்கரைத் தூக்கி ஒரு மரப் பெஞ்சில் உட்காரவைத்தோம். சக்கரமும் கைப்பிடியும் இல்லாத இடத்தில் அவனால் உடம்பைத் தூக்கிக்கொள்ள முடியவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை, வரிசை எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணி நேரம். அன்றைக்கு இராத்திரி வள்ளி துணி மாற்றும்போதுதான் பார்த்தாள். வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். நான்கே நாளில் அது புண்ணாகி, விரல் நுனி நுழையும் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் குப்புறப் படுத்தே கிடந்தான். அந்தப் பெஞ்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அரசாங்கம் அவன் உடம்பை அளந்து பார்க்கக் கூப்பிட்ட இடத்திலேயே அந்த உடம்பு புண்ணாகித் திரும்பியது.

பங்குனியில் அட்டை வந்தது. மஞ்சள் நிறம். 60 சதவீதம் என்று போட்டிருந்தது.

உனக்கு இந்தக் கணக்கு புரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் சட்டம் சொல்லும் சலுகைகளுக்குத் தகுதி. 80-ஐத் தொட்டால் அட்டை நீலம், அதற்குக் கீழே மஞ்சள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் 75-க்குக் குறையாமல் இருந்தால்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதவனுக்கு 60 எப்படி? கேட்டால், கணினியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். வருவாய்த் துறையில் 1,500 ரூபாய் ஓய்வூதியம் உண்டு, அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கள் என்று ஊரில் பலரும் புத்தி சொன்னார்கள். அதை வாங்கிவிட்டால் இதற்குப் போட முடியாது. சங்கரே, வந்தவரைக்கும் போதும் அக்கா என்றான். அவனுக்கு அலைச்சலைவிட, என்னை அலையவைக்கிறோமே என்ற வருத்தம். நான் விடவில்லை. 500 ரூபாய் என்பது அவனுடைய சிறுநீர்க் குழாய்க்கும் பஞ்சுக்கும் ஆகிற மாதச் செலவு.

மூன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். சத்துணவுக் கூடத்துக்கு விடுப்பு போட்டுவிட்டு, முதல் பஸ்ஸுக்குப் போய் வரிசையில் நின்று. ஒவ்வொரு முறையும் மனு எந்த அலுவலகத்தைப் பற்றியதோ அதே அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் "தங்கள் மனு முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மூன்றாவது குறுஞ்செய்தி வந்த அன்று கொல்லைப்புறத்தில் போய் நின்று அழுதேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அப்புறம்தான் என் பதிவேட்டுப் புத்தி வேலை செய்தது. இருபத்தாறு வருடம் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியவள் நான். எங்கே தப்பு வந்தாலும் முதலில் எழுதிய தாளைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைத் தாளில் தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு எழுதினேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினேன். முகாமில் மருத்துவர் கையால் எழுதிய மதிப்பீட்டுத் தாளின் நகல் வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இருபத்தெட்டாம் நாள் உறை வந்தது.

அந்தத் தாளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மருத்துவர் 80 என்றுதான் எழுதியிருக்கிறார், மீனா. அவசரத்தில் எழுதிய எட்டு. மேல் வட்டம் மூடவில்லை, வாய் திறந்து நிற்கிறது. கணினியில் ஏற்றியவருக்கு அது ஆறாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே "இரு கால்களும் முழுச் செயலிழப்பு" என்று எழுதியிருக்கிறது. அதை ஒருவர் படித்திருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும்.

தாளைக் காட்டினால் உடனே திருத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, சதவீதத்தை மாற்றுவதென்றால் மறுமதிப்பீடுதான் என்றார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே 59-ஆம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு இடமிருக்கிறது, அதைச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆடியில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை சங்கரை நாற்காலியை விட்டு இறக்க விடவில்லை. நாற்காலி உள்ளே போகாவிட்டால் மருத்துவர் வெளியே வரட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டேன். வந்தார். வயதில் சின்னவர், நல்ல பிள்ளை. குனிந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் உங்களை வரவழைத்திருக்க வேண்டாம் அம்மா என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அத்தனை மாதம் காத்திருந்த மாதிரி இருந்தது. ஆடி முடிவதற்குள் நீல அட்டை வந்தது. ஆவணியில் உதவித்தொகைக்கு விண்ணப்பம். வேறு உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று. கோப்பின் ந.க. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு முறை விசாரித்தேன். தீபாவளி கழிந்து பணம் வந்தது. எட்டு ஆறான நாட்களுக்கான பாக்கி வராது. ஆணை போட்டதிலிருந்துதான் கணக்கு என்றார்கள். கேட்டுப் பார்த்தேன், இன்னும் கேட்பேன்.

எனக்கு ஆத்திரம் தீராத விஷயம் இன்னொன்று இருக்கிறது. 2016-ல் அந்தச் சட்டம் வந்து, 2017-ல் விதி போட்டபோது, விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் சான்று தர வேண்டும் என்று இருந்தது. 2024 அக்டோபரில் அதைத் திருத்தி மூன்று மாதம் ஆக்கிவிட்டார்கள். அதோடு, மருத்துவ அதிகாரி இரண்டு வருடத்துக்கு மேல் முடிவு சொல்லாமல் கிடந்தால் விண்ணப்பமே காலாவதி, புதிதாகப் போட வேண்டுமாம். முடிவு சொல்லாதவர் ஒருவர், மறுபடி வரிசையில் நிற்பவர் இன்னொருவர். மூன்று மாதம் என்பது எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி. வள்ளி அதற்குள் இராத்திரியில் மட்டும் முந்நூறு முறைக்கு மேல் அவனைப் புரட்டிப் படுக்கவைத்திருப்பாள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவது உன் பேத்திக்காக. மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள் என்று உன் கடிதத்தின் கடைசியில் இரண்டே வரி எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிக்குப் பதில் எழுதத் தெரியாமல்தான் மாதக்கணக்கில் பேனாவை எடுக்கவில்லை, உண்மை அதுதான். இப்போது சொல்கிறேன், கேள். குழந்தைதானே, பெரியவளாகட்டும் என்று உன் மகள் தள்ளிப்போட வேண்டாம். பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல். மதிப்பீட்டுத் தாளில் மருத்துவர் எழுதியதும், அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாள் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நகராதீர்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் மூளை முடக்குவாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும், அதற்கும் விசாரியுங்கள். முகாமுக்குப் போகும் நாளில் நான் வருகிறேன். கோவை என்ன, ஒரு இராத்திரி பஸ். கடைசி பெஞ்சில் உன் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதிய கடன் எனக்கு இன்னும் இருக்கிறது.

நேற்று வங்கி முகவர் கையடக்க இயந்திரத்தோடு வீட்டுக்கே வந்தார், பணம் எடுத்துக்கொடுக்க. கட்டைவிரலை வைக்கச் சொன்னதும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க உள்ளே ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் இயந்திரம் சத்தம் கொடுத்து, ரேகை விழுந்துவிட்டது. ஒரே முறையில். முகவர் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சங்கர் பணத்தை மடியிலேயே போட்டுவிட்டு, கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன். மெல்லிசாக, வட்டம் வட்டமாக, பச்சைப் பிள்ளையின் விரல் மாதிரி கோடுகள்.

"மரம் ஏறாமல் இருந்ததில் வளர்ந்துவிட்டது அக்கா" என்றான்.

உடனே பதில் போடு. பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

உன்
கோமதி