அலட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், குழந்தைகளின் மலச்சிக்கலுக்குத் 'தாய்மார்களின் அலட்சியமே முதல் காரணம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 15 வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் பூவன் தார் தொங்காத நாள் கிடையாது. கீரையும் அப்படித்தான். ஆனாலும் என் மகள் 7 வயதில் நாலைந்து நாள் வெளிக்குப் போகமாட்டாள். காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாளும் இல்லை. அடக்கி அடக்கி, இறுகி, ஒரு நாள் ரத்தம் வந்தது. வலிக்குப் பயந்து இன்னும் அடக்கினாள். அப்புறம் அவளை அறியாமலே உள்ளாடையில் கசிய ஆரம்பித்தது. வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தார்கள். வீட்டுப் பெரியவர்கள், வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைக்கச் சொன்னார்கள், கைக்குழந்தைக்குச் செய்வது போல! வேண்டுமென்றே செய்கிறாள் என்று நானும் அடித்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

முதலில் பார்த்த டாக்டர் 5 நாளுக்கு சிரப் எழுதியதோடு சரி. 'ரொம்பக் கொடுத்தால் பழகிப்போகும்' என்று மருந்துக்கடையில் வேறு பயமுறுத்தினார்கள். பிறகு தஞ்சாவூரில் ஒரு குழந்தை மருத்துவர்தான் படம் வரைந்து காட்டினார். தேங்கிய மலம் குடலை விரித்துவிடுமாம். அதனால் போகவேண்டும் என்ற உணர்வே மங்கிவிடும், கெட்டியானதைச் சுற்றி இளகியது கசியும். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரை முதல் சில நாள் கூடுதலாகக் கொடுத்துத் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பின்பு அளவைக் குறைத்துக் குறைந்தது 2 மாதம். எல்லாம் சரியான பிறகும் ஒரு மாதம் கழித்துத்தான் மெல்ல மெல்ல நிறுத்த வேண்டும். சாப்பிட்டதும் 10 நிமிடம், கால் தொங்காமல் பாதத்துக்கு அடியில் மணை போட்டுக் கழிப்பறையில் உட்கார வைத்தோம். எங்களுக்கு 7 மாதம் ஆனது.

இதில் ஒரு வார்த்தைகூட உங்கள் கட்டுரையில் இல்லை. வாழைப்பழம், வெந்நீர், அம்மாவின் அலட்சியம், அவ்வளவுதான். பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றி இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் வெளியிடவில்லை. சொல்லிக்காட்ட வேண்டாமென்றுதான் இருந்தேன்.

அடுத்த இதழில், 'குணமாகிவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள்' என்று ஒரு சிறு கட்டம் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.