ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி வைத்தால் வகுத்தல் வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

'ஆல் பாஸ் போட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்' என்று அடிக்கடி எழுதும் வாசகர்களுக்கு, ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்வது இது.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றிருந்த கல்வி உரிமைச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதையொட்டி 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்புதான். தமிழ்நாடு இதை ஏற்கவில்லை. நல்லதுதான். (இங்கேயும் 2019-ல் இந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.)

612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்பில் பல பிள்ளைகள் 12 என்று எழுதுவார்கள். நடுவில் வர வேண்டிய சுழியம் விட்டுப்போயிருக்கும். மூன்றாம் வகுப்பில் இடமதிப்பு மனதில் பதியாததால் வருகிற தப்பு அது. அதே ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை இன்னொரு வருஷம் நடத்தினால் எப்படிச் சரியாகும்? எந்த வகுப்பில் இருந்தாலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம் நடத்தச் சொல்லும் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த வகையில் சரியான யோசனை. ஆனால் அதற்கு ஆள் வேண்டுமே!

அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அதில் ஒருவர் தலைமையாசிரியர். பயிற்சி, கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஒன்றாம் வகுப்புக்கு எழுதப் போட்டு, மூன்றாம் வகுப்பை வாய்ப்பாடு சொல்லவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பக்கம் திரும்புவதற்குள் சத்துணவு நேரம் வந்துவிடும். இப்படிப் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஃபெயில் போடுவதற்குப் பெயர் பொறுப்புடைமையாம்.

எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் பிள்ளை கடைசியில் நிற்கட்டும். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வு முடிவை மாவட்டவாரியாக வெளியிடும்போது, அங்கே எத்தனை பணியிடம் காலி, எத்தனை ஈராசிரியர் பள்ளி என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஃபெயில் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை