கிழிந்தால் தைத்துத் தர மாட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

செயின் ரம்பத்தால் மரம் அறுக்கும்போது கால் வெட்டுப்படாமல் இருக்கப் போடும் ரம்பப் பேண்ட் வாங்க முதலாளி பணம் தருகிறார், எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். மரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பேண்டைப் பற்றித் தெரியும். தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன பழையதைத் தொடைப்பக்கம் பிரித்துப் பார்த்தேன். மேல்துணிக்கு அடியில் வெள்ளை இழை, சிக்கெடுத்த சவுரி மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. வேண்டுமென்றே தளர்வாக விட்டிருக்கிறார்கள். செயின் பட்டால் அந்த இழை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி, மெஷினை நிறுத்த வேண்டும். நான் ஊசி போட்டால் இழை அங்கேயே பிடிபட்டுவிடும். அதனால் செயின் கடித்த பேண்டை என்னிடம் தூக்கிக்கொண்டு வராதே, அது குப்பைக்குத்தான்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் நம் தெருவில் லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு தூங்குமூஞ்சி மரத்தை அறுத்தார்களே, வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதே பையன் கெட்டான் என்பார் உன் அப்பா.

சரி, லேபிளில் ரம்பப் படமும், இந்த மாதிரி பாதுகாப்பு உடைக்கான தர எண் ஐஎஸ்ஓ 11393-ம் இருக்கிறதா பார். வகுப்பு 1 என்றால் செயின் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சோதித்தது. 2 என்றால் 24, 3 என்றால் 28. பெரிய எண்தான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே, பெரும்பாலும் கனமும் புழுக்கமும் சேர்ந்தே கூடும். ஏ வகையில் காலின் முன்பக்கம் மட்டும் இழை, சி வகையில் சுற்றிலும். மே மாசம் மாதவரத்தில் வேலை இருக்கிறது என்றாயே, கத்திரி வெயிலில் சி வகையைப் போட்டால் பத்து மணிக்கே கழற்றி எறியத் தோன்றும். தரையில் நின்று வெட்ட ஏ போதும், தொடைக்குப் பின்னால் காற்றுக்கு ஜிப் வைத்ததாக எடு. மரத்தில் தொங்கிக்கொண்டு அறுக்கும்போது ரம்பம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது? அதற்கு சி தான், வேர்த்தாலும் பரவாயில்லை.

கடையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதே. மரத்தில் தொங்கும்போது உடம்பில் கட்டும் பட்டை, அந்த ஹார்னஸை மாட்டிக்கொண்டு ஒரு காலை ஸ்டூல் மேல் வை. குத்துக்காலிட்டு உட்கார். கவுட்டியில் இழுத்துப் பிடித்தாலோ, முட்டி மடக்கும்போது உள்திண்டு நகர்ந்தாலோ வேண்டாம். இடுப்பில் இறுக்கும் பெல்ட்டை விடத் தோளில் மாட்டும் பட்டை நல்லது, கனம் தோளுக்குப் போய்விடும். நீளத்தையும் அங்கேயே சரியாகப் பார்த்து எடு, அம்மா வெட்டித் தருவாள் என்று இருக்காதே.

துவைக்கும்போது ப்ளீச் கூடாது, இஸ்திரியும் கூடாது. ஆயில் ஊறினால் இழை ஒட்டிக்கொள்ளும், சும்மா போட்டு வைக்காமல் அலசிவிடு. ஒன்று காய்வதற்கு இன்னொன்று வேண்டும். முதலாளி ஒன்றுதான் தருவார் என்றால் விலையைச் சொல், அடுத்ததற்கு அக்காவை ஜிபே பண்ணச் சொல்கிறேன்.

அம்மா
தண்டையார்பேட்டை